மேளத்தைப் பறித்தால்...

போன சனிக்கிழமை பிற்பகல், சிட்னி நகரத்தில் ஒரு நடன நிகழ்ச்சி. மனைவிக்குத் திடீரென்று ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட். மிஞ்சிய டிக்கெட்டுக்குக் குமரனைக் கூட்டிப் போனேன்.

குமரன் வென்ட்வேர்த்வில்லில் எங்கள் பக்கத்து ஃபிளாட். அகதியாகப் படகில் வந்தவர், இன்னும் தற்காலிக விசாதான். எதையும் கலகலவென்று பேசுவார் - தடுப்பு முகாமில் இருந்த காலத்தைத் தவிர.

"என்ன டான்ஸ் அண்ணை?"

"கறுப்பின அமெரிக்கர். தங்கட வரலாற்றை ஆடிக் காட்டப் போகினம்."

"வரலாறோ... நித்திரை கொண்டால் எழுப்பி விடுங்கோ."

நித்திரையா? முதல் காட்சியிலேயே இருவரும் கதிரை நுனிக்கு வந்துவிட்டோம்.

மேடையில் ஒரு நடுவயதுப் பெண். அடிமைகளாக இருந்த தன் முன்னோரிடமிருந்து மேளங்களைப் பறித்துவிட்டார்கள் என்றார். மேளத்தில் சேதி அனுப்பிக் கிளர்ச்சி செய்துவிடுவார்களோ என்ற பயம்!

"பிறகு என்ன செய்தோம்?" என்று எங்களைக் கேட்டார்.

பதிலாகத் தன் தொடையில் அடித்தார். நெஞ்சில் அடித்தார். காலால் பலகையை உதைத்தார். என் முதுகுத்தண்டில் கேட்டது அந்தத் தாளம்.

அப்புறம் ஒரே பாய்ச்சல்தான். எஜமானர்களின் மிடுக்கை நக்கலடித்த நடை... தகடு பதித்த சப்பாத்துகளின் படபடப்பு... ஜோடியைத் தூக்கி வீசிப் பிடிக்கும் ஸ்விங்... தலைகீழாகச் சுழலும் ஹிப்-ஹாப். எத்தனை தலைமுறைகள், ஒரே மேடையில்!

கடைசியில், "யாராவது மேடைக்கு வருகிறீர்களா?" என்றார் அந்தப் பெண். நான் அவசரமாகக் குனிந்து சப்பாத்து லேஸைத் தேடினேன். நிமிர்ந்தால் பக்கத்துக் கதிரை காலி.

குமரன் மேடையில் நின்றார்.

அந்தப் பெண் ஒரு தாளம் அடித்தார். குமரன் தொடையிலும் நெஞ்சிலும் அதையே திருப்பி அடித்தார். இன்னும் வேகமாக ஒன்று. அதையும் அடித்தார். அடுத்ததைக் குமரனே தொடங்க, அந்தப் பெண் சிரித்துக்கொண்டே துரத்திப் பிடித்தார். அரங்கமே எழுந்து நின்றது. நான் கத்திய கத்தலில் தொண்டை இன்னும் சரியாகவில்லை.

திரும்பும்போது ரயிலில் கேட்டேன். "எங்க பழகினனீர்?"

குமரன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"காம்ப்பில அண்ணை. பொங்கலுக்கு ஒரு மேளம் கேட்டனாங்கள், தரேல்லை. உடம்பிலயே அடிச்சம். என்ர அறையில இருந்தவர் நெஞ்சு சிவக்கச் சிவக்க அடிப்பார். அவரை ஊருக்கே திருப்பி அனுப்பிப் போட்டினம்..."

அவர் நிறுத்தவில்லை; சொல்லிக்கொண்டே வந்தார். வரலாறு புத்தகத்தில்தான் இருக்கிறது என்று யார் சொன்னது?

வென்ட்வேர்த்வில் வந்தது. கதவு திறந்தது, மூடியது.

நாங்கள் இறங்கவில்லை.