மானிட்டருக்கு மஞ்சள் வைத்த கதை

சூடேறிய மானிட்டர் மேல் ஈர மஞ்சள் பட்டால் ஒரு வாசனை வரும். உங்களில் யாருக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை... மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் பிளாட்டில் மட்டும்தான் அந்தக் கூத்து நடந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. வேலைக்குப் போனதும் நான் வாங்கிய முதல் பொருள் ஒரு கம்ப்யூட்டர். அந்த வருஷம்தான் குமார் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் கிள்ளான் பக்கம்.

சொந்தமாக வெப்சைட் கட்டிக்கொள்ள இலவசமாக இடம் கொடுக்கும் சர்வீஸ் ஒன்று அப்போது இருந்தது. ஒன்றும் தெரிய வேண்டாம், பட்டனை அமுக்கினால் போதும். அதில் அண்ணன் கல்யாணத்துக்கு ஒரு பக்கம் செய்தேன்.

"புது வசதி வந்திருக்கிறது" என்று அடிக்கடி மெயில் வரும். ஒரு தடவை ஓடுகிற எழுத்து, ஒரு தடவை பின்னணி மியூசிக், இன்னொரு தடவை ஆடுகிற விளக்கு... ஒன்றையும் நான் விடவில்லை. தைப்பூசத்தன்று பத்துமலை எப்படி இருக்கும், அப்படி இருந்தது அந்தப் பக்கம்.

அப்பா ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். இதில் அவருக்குத் துளியும் நம்பிக்கை இல்லை.

"நேர்ல போய் வெத்தல பாக்கு வெச்சு கூப்பிடணும்டா. இந்தப் பொட்டில போட்டா கூப்பிட்ட மாதிரி ஆயிடுமா?"

சொன்னதோடு நிற்கவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு செமினி வரைக்கும் பஸ் ஏறினார். ஒவ்வொரு பத்திரிகைக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தட்டில் வைத்துக் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒருத்திக்கு மட்டும் கொடுக்கவில்லை. எங்கள் சாந்தி அக்காவுக்கு.

கூட வேலை பார்த்த சீனரைக் கல்யாணம் செய்துகொண்டு அக்கா நியூசிலாந்து போய்விட்டாள். அன்றிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லை. அண்ணன் கல்யாணத்தைப் பற்றி அம்மா மெல்லப் போன் போட்டுச் சொன்னபோது அக்கா சொன்னது இதுதான். "அப்பா ஒரு வார்த்த கூப்பிடட்டும்மா... ஓடி வந்துடுறேன்."

அப்பா கூப்பிடுகிற மாதிரி தெரியவில்லை. நாத்தனார் முடிச்சு போட எங்களுக்கு இருப்பது ஒரே அக்கா. சித்தி மகளைப் போடச் சொல்லலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். எனக்கு மனசே ஆறவில்லை.

அந்தப் பக்கத்தின் முகவரியை அக்காவுக்கு ஒரு கார்டில் எழுதிப் போட்டேன். போட்டதை அப்பா காதில் விழும்படியே அம்மாவிடம் சொன்னேன். அவர் பேப்பரில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

அப்போதுதான் அடுத்த அப்டேட் வந்தது. பக்கத்தை யார் பார்த்தாலும், எந்த நாட்டில் இருந்து பார்த்தார்கள் என்று அடியில் காட்டுமாம். உடனே போட்டேன். மலேசியா, சிங்கப்பூர், மறுபடி மலேசியா என்று வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம், நியூசிலாந்து.

"அம்மா! அக்கா பாத்திருக்கு!"

அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். அப்பா வரவில்லை. ஆனால் மறுநாள் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"அந்தப் பொட்டிய போடலயா?"

போட்டேன். நியூசிலாந்து. அதற்கு மறுநாளும் நியூசிலாந்து. அப்பா இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்துவிட்டார். டீ ஆறிப்போகும், அவர் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார். "தினமும் வாசல் வரைக்கும் வந்துட்டுப் போறா... உள்ள வாம்மான்னு சொல்ல ஒருத்தன் இல்ல பாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, விபூதி பூசிக்கொண்டு வந்தார். பக்கத்தைத் திறக்கச் சொன்னார். அம்மா குழைத்து வைத்திருந்த மஞ்சளைத் தொட்டு மானிட்டரின் நாலு மூலையிலும் வைத்தார்! வீட்டில் ஒரே போன் லைன், இன்டர்நெட்டை வெட்டினால்தான் பேச முடியும். வெட்டிவிட்டு நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். அம்மா வெற்றிலைத் தட்டோடு போன் பக்கத்தில் நின்றார், அந்தப் பக்கம் அக்கா பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி.

"சாந்தி... அப்பா பேசுறேன்மா. குமாருக்குக் கல்யாணம். நீயும் மாப்பிள்ளையும் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."

மாப்பிள்ளை என்றார்! அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அக்கா வந்தாள், அத்தானும் வேட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தார். கிள்ளான் மண்டபத்தில் நாத்தனார் முடிச்சை அக்காதான் போட்டாள். சாப்பாட்டுப் பந்தியில் கேட்டேன்.

"டெய்லி நம்ம பக்கத்த பாத்தியேக்கா, எப்படி இருந்துச்சு?"

"எங்கடா பாத்தேன்? உன் கார்டு வந்துச்சு. எங்க வீட்டுல கம்ப்யூட்டரே இல்லையே லா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த சர்வீஸில் இருந்து மெயில் வந்தது. நாட்டைக் காட்டும் வசதியில் சில இடங்களில் பிழை இருந்ததாம், மன்னிக்கணுமாம், சரிசெய்துவிட்டார்களாம். திறந்து பார்த்தேன். நியூசிலாந்து என்று இருந்த இடத்தில் எல்லாம் மலேசியா. ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னதாகப் போட்டிருந்த நேரத்தை அப்போதுதான் பார்த்தேன்... எல்லாம் சாயங்காலம், நான் வேலை முடிந்து வந்த நேரம்.

தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது அக்கா இல்லை. அப்பாவும் நானும்தான்.

அப்பாவிடம் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு ஸ்கிரீனைப் பார்த்தார்.

"நல்லாத்தானேடா காட்டுச்சு... அத ஏன் போய் சரி பண்ணானுங்க?"

இப்போது அப்பா இல்லை. கல்யாணப் பத்திரிகை எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. யார் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள் என்று துல்லியமாகக் காட்டுகிறது. போனும் தானாகவே அப்டேட் ஆகிக்கொள்கிறது. சில பிழைகள் சரிசெய்யப்பட்டன என்று அதில் ஒரு வரி வரும்போதெல்லாம், எந்த வீட்டுக்கு எந்தப் பிழை தேவைப்பட்டதோ என்று நினைத்துக்கொள்வேன்.