பாடனில் வாங்கிய பெல்லட் அடுப்பு

அடுப்பை விற்றவர் பாடன் என்ற ஊரில் இருந்தார். மனைவி இறந்துவிட்டார், வீட்டை விட்டு சின்ன ஃபிளாட்டுக்குப் போகிறேன் என்றார். எப்படி இறந்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கண்ணாடி கறுத்திருந்தது. புகை வெளியே வராமல் கதவைச் சுற்றியிருந்த கயிறு நைந்திருந்தது. வேலை செய்யுமோ என்று கேட்டேன். மூட்டிக் காட்டினார். எரிந்தது.

எனக்கு நெருப்புக்குப் பயம். சமையல் அடுப்பைக்கூட நூர்த்துவிட்டு, அணைந்ததோ என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். ஆனால் வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் வாங்கிய வீடு பழையது. சுவர் குளிரில் ஈரமாக இருக்கும். மனைவிக்கு மூன்றாம் மாதம். எங்களுக்கு இது முதல் பிள்ளை, கனகாலம் காத்திருந்து வந்தது. அதைக் குளிரில் வளர்க்க முடியாது. கீழ் அறையில் ஷெமினே ஒன்று, சுவரோடு கட்டிய விறகடுப்பு, இருந்தது, விறகு போட்டால் சூடு முழுக்க மேலே போய்விடும். அதற்குள் தள்ளி வைக்கிற அடுப்பு இது. பெல்லட் என்பது மரத்தூளை அமுக்கிச் செய்த குச்சி. பார்க்கக் கோழித்தீன் மாதிரி இருக்கும்.

மனைவியின் தம்பி வந்து தூக்கினான். அவன் ரெஸ்டாரன்ட் குசினியில் வேலை.

"அத்தான், இது அடுப்போ, பெட்டகமோ?"

"கதைக்காமத் தூக்கு."

"இதைச் சுமந்தாப் பிள்ளை எனக்குத்தான் பிறக்கும்."

அவன் கூரையில் ஏறி இரும்புக் குழாயைப் புகைபோக்கிக்குள் இறக்கினான். நான் கீழே ஷெமினேக்குள் தலையை விட்டுப் பிடித்தேன். மேலிருந்து கரி கொட்டியது. அவன் விழுந்தால் இந்தத் துவாரத்தால் கேட்கும் என்று நினைத்தேன். விழவில்லை. கயிற்றைப் புதிதாக மாற்றினேன். புகைபோக்கி துடைக்கிற பெண் வந்து எல்லாம் சோதித்தாள். சரி, மூட்டலாம் என்று கையெழுத்து வைத்துவிட்டுப் போனாள்.

மூட்டினோம். வீடு சூடானது. மனைவி காலை நீட்டி முன்னால் இருந்தாள். நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொரியல் மணம் அவளுக்கு ஆகவில்லை. எண்ணெய் கொதித்தாலே சத்தி, வயிற்றில் ஒன்றும் தங்காது. தம்பிக்காரன் ஒரு வழி சொன்னான். அவன் வேலை செய்த ரெஸ்டாரன்டை மூடப் போகிறார்கள், அங்கேயிருந்த புகை இழுக்கும் விசிறியைச் சும்மா தருகிறார்கள் என்றான். கொண்டு வந்து எங்கள் குசினியில் பூட்டி, சுவரில் துளை போட்டு வெளியே குழாய் விட்டான். போட்டால் மேசையில் கிடக்கிற கடதாசி எழும்பும். மணம் கொஞ்சமும் இல்லை. குளிருக்கு நான் எல்லா யன்னலையும் சுற்றி ரப்பர் நாடா ஒட்டியிருந்தேன். ஒரு ஊசிக் காற்றும் உள்ளே வராது.

அதன் பிறகு அவளுக்குத் தலையிடி. சமைத்து முடித்தால் படுத்துவிடுவாள். சத்தியும் கூடியது. எங்களுக்குத் தெரியாத மணம் இன்னும் மிச்சம் இருக்கிறதாக்கும் என்று விசிறியை ஆகக்கூடிய வேகத்தில் வைத்தோம். தலையிடி கூடிக்கொண்டே போனது.

"பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் இருக்கும்" என்றாள். கேட்ட ஆட்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள்.

ஒரு ஞாயிறு, அவள் மீன் பொரித்தாள். நான் மேசையில் இருந்தேன். எனக்கும் தலை இடித்தது. நான் பிள்ளைத்தாச்சி இல்லை.

அடுப்பை நூர்த்தேன். அடுத்த நாள் கடைக்குப் போய், நச்சுப்புகை வந்தால் கத்துகிற பெட்டி ஒன்று வாங்கினேன். அந்தப் புகைக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை என்று கடைக்காரன் சொன்னான். பாடன்காரரின் மனைவி நினைவுக்கு வந்தார்.

பெட்டியை அலுமாரி மேல் வைத்து அடுப்பை மூட்டினேன். பக்கத்திலேயே நின்றேன். கத்தவில்லை.

"நெருப்பை வீட்டுக்க கொண்டு வந்திட்டு, அதுக்குக் காவலும் வைக்கிறியளோ" என்று மனைவி சிரித்தாள். குசினிக்குள் போய் விசிறியைப் போட்டு, கத்தரிக்காய் பொரிக்கத் தொடங்கினாள்.

கடைசித் துண்டுகள் பொரிகிறபோது பெட்டி கத்தியது. நான் ஓடினேன். அவள் குசினி நிலத்தில் இருந்தாள். கண் திறந்திருந்தது.

"காலுக்குப் பெலன் இல்லை" என்றாள்.

சமையல் அடுப்பை நூர்த்தேன். அவளை அணைத்து இழுத்துக்கொண்டு வெளியே பனிக்குள் போனேன். அம்புலன்சுக்கு போன் அடித்தேன். தெரிந்த ஜெர்மன் எல்லாம் போய்விட்டது. மனைவி, பிள்ளை, புகை என்று மட்டும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மாஸ்க் போட்டார்கள். இரத்தம் எடுத்தார்கள். பிறகு வயிற்றில் மெஷினை வைத்தார்கள். டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகுதான் பிள்ளையின் இதயச் சத்தம் வந்தது. டக் டக் என்று வேகமாக.

"இப்ப நல்லா இருக்கு" என்றார். இப்ப என்றதை நான் பிடித்துக்கொண்டேன். தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

புகைபோக்கிப் பெண் திரும்ப வந்தாள். குசினியை எட்டிப் பார்த்தாள். இந்த விசிறி எப்ப வந்தது என்று கேட்டாள். சொன்னேன். புகை வருகிற ஏதாவது தா என்றாள். சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்தியைக் கொடுத்தேன். யன்னலைப் பூட்டி, விசிறியைப் போட்டு, நூர்ந்து கிடந்த அடுப்பின் கதவைத் திறந்து பத்தியை அதில் பிடித்தாள். புகை மேலே போகவில்லை. அடுப்பிலிருந்து எங்களுக்கு நேரே வந்து குசினிப் பக்கம் ஓடியது. யன்னலைத் திறந்தாள். புகை திரும்பி அடுப்புக்குள் போனது.

விசிறி காற்றுத் தேடுகிறது, வீட்டில் காற்று இல்லாவிட்டால் புகைபோக்கியால் இழுக்கும், அடுப்புப் புகையும் அதோடு வீட்டுக்குள் வரும் என்று அவள் விளங்கப்படுத்தினாள். அன்றைக்கே விசிறியைக் கழற்றினேன்.  துளையைத் தம்பிக்காரனே வந்து அடைத்தான். பெண் இன்னொரு தரம் சோதித்து, மூட்டலாம் என்றாள்.

நான் மூட்டவில்லை. வீடு குளிர்ந்தது. மனைவி இரண்டு கம்பளியோடு இருந்தாள்.

"குளிரிலயும் பிள்ளைக்கு ஏதும் வரும்தானே. மூட்டுங்கோ."

"நீர் வெளியில நில்லும். முதலில நான் உள்ளே இருந்து பார்க்கிறன்."

"உங்களுக்கு ஏதும் நடந்தா?"

"பிள்ளை உம்மோடதானே இருக்கு."

ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய் வாசலில் நின்றாள். நான் மூட்டினேன். எண்ணெய்ச் சட்டியை வைத்து அப்பளம் பொரித்தேன். பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் இருந்தேன். தலை இடிக்கிறதோ என்று பார்த்தேன். பயத்தில் இடிக்கிறதோ, புகையில் இடிக்கிறதோ தெரியவில்லை.

யன்னலில் தட்டினாள்.

"இருக்கிறியளோ?"

"ஓம்."

"அப்ப கதவைத் திறவுங்கோ. கால் விறைக்குது."

பெட்டியைப் பார்த்தேன். கத்தவில்லை.

"இன்னும் கொஞ்சம் பொறும்" என்றேன்.