மாமாவின் அறைக்குக் காற்று

என் கணவருடைய அப்பா யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர். கடலுக்குப் போய் உழைத்து நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். மாமி இறந்து, தேவாலயத்தில் ஓராண்டு நினைவுப் பூசை முடிந்த பிறகும் மாமா அந்தக் கடற்கரை வீட்டில் தனியாகத்தான் இருந்தார். ஒருநாள் மூச்சிரைக்கும் தொய்வு நோய் முற்றிப் பக்கத்து வீட்டார் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. அதற்குப் பிறகு இவர், என் கணவர், பிடிவாதமாய் நின்று அவரைச் சில மைல் உள்ளே இருக்கும் திருநெல்வேலிக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்.

எங்கள் வீடு பலாலி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. அப்போது கட்டி மூன்று வருடங்கூட ஆகவில்லை. மாமாவுக்கென்று பின்பக்கத்து மூலை அறையைக் கொடுத்தோம். வீட்டிலேயே நல்ல அறை அதுதான். குளியலறை உள்ளேயே, அலுமினியச் சட்டம் போட்ட கண்ணாடி யன்னல், ஏ.சி., புது அலுமாரி. வீதிப் புழுதிக்கும் நுளம்புக்கும் பயந்து யன்னல்களை நான் எப்போதும் பூட்டியே வைத்திருப்பேன். வீடு கட்டும்போது, யன்னல்களுக்கு மேலே வழக்கமாக விடுகிற காற்றுத் துவாரங்கள் வேண்டாம் என்று மேசனிடம் சொன்னதும் நான்தான். குருவி கூடு கட்டும், தூசு இறங்கும், பிறகு யார் துடைப்பது என்று கேட்டேன். மேசன் ஒருதரம் என்னைப் பார்த்தார், பிறகு சொன்னபடியே செய்தார்.

மாமா வந்தது மாரி தொடங்குகிற நேரம். தை பிறந்து மழை விட்ட பிறகும் அவருடைய இருமல் விடவில்லை. கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெண் டொக்ரர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"ஐயா, படுக்கிற அறை எப்பிடி? காத்து வருமோ? சுவர் ஈரம் பிடிக்கிறதோ?"

"எல்லாம் நல்ல வசதி டொக்ரர். மருமோள் ஒரு குறையும் விடேல்லை" என்றார் மாமா.

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் கேள்வியை அதோடு மறந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் மேலதிக வகுப்பு இல்லையென்று நேரத்தோடு திரும்பி வந்தேன். மாமாவின் அறைக் கதவு சாடையாகத் திறந்திருந்தது. அலுமாரியை ஒரு முழம் இழுத்துவிட்டு, அதன் பின்னால் முழங்காலில் இருந்து சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சின்ன வாளி. வினாகிரியின் புளித்த மணம். எட்டிப் பார்த்தேன். அவர் இன்னும் துடைக்காத பகுதியில் கறுப்பும் பச்சையுமாய்ப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

"என்ன மாமா செய்யிறியள்?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "ஒண்டுமில்லைப் பிள்ளை. சும்மா தூசு."

"எத்தினை நாளா இப்பிடி?"

"மாரிக்குள்ளை தொடங்கினது. துடைச்சாப் போகுது. திரும்ப வருகுது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

வாளிக்குள் துணியைப் பிழிந்தார். "புது வீடு பிள்ளை. நீங்கள் ஆசைப்பட்டுக் கட்டினது."

நான் பள்ளிக்கூடம் போகும் நாட்களில், நான் பார்த்துக் கவலைப்படக்கூடாதென்று, ஒரு தொய்வுக்காரர் தினமும் முகத்தைப் பூஞ்சணத்துக்குள் வைத்துச் சுவர் துடைத்திருக்கிறார். துணியை அவர் கையிலிருந்து வாங்கப் பார்த்தேன். அவர் விடவில்லை, கொஞ்சம் இழுத்து வாங்கினேன். அன்றிரவு அவருக்கு எங்கள் அறையைக் கொடுத்துவிட்டு, நாங்கள் விறாந்தையில் படுத்தோம்.

அதற்குப் பிறகுதான் காற்றைப் பற்றி யோசிக்கத் தொடங்கினோம். கனடாவில் இருக்கும் என் மச்சாள் ஒரு வீடியோ அனுப்பினாள். வீடு முழுக்கக் குழாய் ஓடி, ஒரு பெட்டி பழைய காற்றை வெளியே அனுப்பி, அதன் சூட்டிலேயே புதுக் காற்றைச் சூடாக்கி உள்ளே கொண்டுவரும். யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடைக்காரர் காற்றைச் சுத்தமாக்கும் மெஷின் ஒன்றைக் காட்டினார். அறையை நன்றாகப் பூட்டிவிட்டு இதைப் போட்டால் போதும் என்றார். என் கணவருக்கு அது பிடித்துவிட்டது. சுவரில் ஒரு கீறலும் விழாது, முடிந்தது வேலை.

எங்கள் வீட்டுக்கு வயரிங் செய்த அண்ணையைக் கூப்பிட்டு இரண்டையும் பற்றிக் கேட்டேன்.

"மெஷின் தூசைப் பிடிக்கும் ரீச்சர், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா குளிக்கிற ஈரம், மழைக்கு உள்ளை காயப்போடுற உடுப்பின்ரை ஈரம், உதெல்லாம் எங்காலை போறது? ஏ.சி.யும் உள்ளை கிடக்கிற காத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சுத்தும். கனடாப் பெட்டி பனி நாட்டுக்கு. அங்கை குளிருக்கு வீட்டைப் பூட்டி வைச்சிருக்கிற சனம். எங்களுக்குப் பழங்காத்துப் போக ஒரு வழி, புதுக்காத்து வர ஒரு வழி. அவ்வளவு காணும்."

அறைக் கதவுக்கு மேலே நுளம்பு வலை அடித்த ஒரு துவாரம். அதற்கு எதிர்ப்புறச் சுவரில், காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று. ஹோல் யன்னல்களுக்கும் வலை அடித்துத் திறந்துவிட வேண்டும். மிளகாய் வறுக்கும் நாட்களில் மாமாவுக்கு மூச்சு முட்டுவதால் குசினிக்கும் ஒரு விசிறி. இதுதான் திட்டம். விசிறி வாங்கப் போன கடையில் நான்கைந்தை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். மெதுவாய் இரைகிற, நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் தகடுகள் வைத்த ஒன்றைத் தெரிவுசெய்தோம்.

விசிறியைப் பின்சுவரில் பூட்டுவதென்று இவர் முடிவெடுத்தார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வயரிங் அண்ணை சுவரில் வட்டம் கீறும்போது மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வட்டத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு முற்றத்துக்குப் போய்விட்டார். புழுதிக்குப் பயந்து போகிறார் என்று நினைத்தேன்.

ஆனியில் விசிறியைப் பூட்டினோம். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசுகிற காலம். முன் யன்னலால் வருகிற காற்று கதவுக்கு மேலால் நுழைந்து பின்சுவரால் வெளியேறியது. ஒரு கிழமையில் அறையின் மணமே மாறிவிட்டது. பூஞ்சணத்தைச் சுரண்டிச் சுவரைக் காயவிட்டுப் புதிதாய் வெள்ளையடித்தோம். மாமா மூச்சுக்குப் பம்ப் அடிப்பது குறைந்தது. இவர் வருகிறவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டுபோய் விசிறியைக் காட்டினார்.

கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வாடை தொடங்கியது. ஒருநாள் மதியத்துக்குப் பிறகு பெருமழை. பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்துகொண்டு வந்தேன். மாமாவின் அறையில் கதிரை விழுகிறதுபோல ஒரு சத்தம் கேட்டு ஓடினேன். விழவில்லை. கதிரையின் மேல் ஏறி நின்று, தன்னுடைய மாற்றுச் சாரத்தைச் சுருட்டி விசிறியின் வாயில் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். காற்று பின்சுவரில் நேரே மோதித் தகடுகளைப் படபடக்க அடித்து, மழையை உள்ளே விசிறியடித்தது. புது வெள்ளைச் சுவரில் தண்ணீர் ஓடியது. அவர் தலையிலிருந்து கால்வரை நனைந்து, மூச்சு விசிலடித்தது.

முதலில் மெயின் சுவிச்சை நிறுத்தினேன். பிறகு கையைப் பிடித்து இறக்கிக் கட்டிலில் இருத்தி, பம்பைக் கொடுத்தேன். மூச்சு ஆறும்வரை பக்கத்தில் இருந்தேன்.

"மாமா, வாடைக்கு இப்பிடி வருமெண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"வீடு உங்கடை, மோளை. நான் நோய் வருத்தத்துக்கு வந்து நிக்கிறவன். அதிலை வை, இதிலை வையெண்டு நான் என்னெண்டு சொல்லுறது?"

கோபம் வந்தது. அவரோடா என்னோடா என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். இத்தனை மாதமாய் அவருக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டதெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான், மருந்தைப் பற்றித்தான். அறையைப் பற்றி ஒருதரமும் கேட்டதில்லை. அலுமாரியிலிருந்து துவாயை எடுத்து அவருடைய தலையைத் துவட்டினேன். கல்யாணம் முடித்துப் பதினாறு வருடத்தில் மாமாவின் தலையில் நான் கை வைத்தது அதுதான் முதல்தரம். அவர் கண்ணை மூடிக்கொண்டு குனிந்து தந்தார்.

பின்னேரம் இவர் வந்து பார்த்துவிட்டு, "இது சரிவராது, ஓட்டையைச் சீமெந்து வைச்சு அடைப்பம்" என்றார்.

"அடைக்கிறதுக்கு முதல் மாமாவைக் கேளுங்கோ" என்றேன்.

சாப்பாட்டு மேசையில் மூன்றுபேரும் இருந்தோம். மாமா முதலில் தயங்கினார். நான் பேனையையும் ஒரு பழைய கொப்பியையும் அவர் முன்னால் தள்ளினேன். நான்கு கோடு கீறி வீட்டை வரைந்தார். ஒரு மூலையில் வாடை, எதிர் மூலையில் சோளகம்.

"பாய் கட்டி ஓடின காலத்திலையிருந்து எனக்கு இந்த ரெண்டையும் தெரியும், தம்பி. ஆறு மாசம் இது, ஆறு மாசம் அது. பின்சுவர் வாடைக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிக்குது. பக்கவாட்டிலை படலை இருக்கிற பக்கத்துச் சுவரெண்டா ரெண்டுக்கும் விலாவைத்தான் காட்டும். மேலை கூரைத் தாழ்வாரமும் இருக்கு. மழை எட்டாது."

"அப்பா, அது ஒழுங்கைப் பக்கமெல்லே. றோட்டாலை வாறவைக்கு நேரை தெரியும். வடிவில்லை."

மாமா பேனையைக் கீழே வைத்துவிட்டார். "ஓம் தம்பி, அதுவும் சரிதான்."

"வடிவில்லாட்டிப் போகட்டும்" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாய் வந்துவிட்டது. "சுவரைப் பார்க்கிறவை இதுக்குள்ளை படுக்கிறேல்லை."

இவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு உயரத்திலை வைப்பம் அப்பா?" என்று கேட்டார்.

மழை விட்ட ஒரு நாளில் வயரிங் அண்ணை வந்தார். இந்தமுறை மாமா கதவடியில் நிற்கவில்லை, அறைக்கு நடுவில் கதிரை போட்டு இருந்தார். பொலித்தீன் கடைப்பை ஒன்றிலிருந்து மெல்லிய கீலம் வெட்டி, கையில் தொங்கவிட்டுக் காற்று போகும் திசையைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு விரல் மேலை" என்றார். அண்ணை கீறியதை அழித்து மேலே கீறினார். பழைய ஓட்டையைக் கல் வைத்து அடைத்தோம். அந்த இடம் இப்போதும் சுவரில் ஒரு வட்டமாய்த் தெரிகிறது. பூசியவர் சரியாக இழைக்கவில்லை.

தொய்வு மாறிவிடவில்லை. பனிக்காலத்தில் இன்னும் வருகிறது, பம்ப் இன்னும் தலைமாட்டில் இருக்கிறது. ஆனால் போன மாரி முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அலுமாரிக்குப் பின்னால் நான் மாதம் ஒருதரம் கை விட்டுப் பார்க்கிறேன். சுவர் காய்ந்திருக்கிறது. விடிந்தால் மாமாவே வீட்டு யன்னல்களைத் திறந்துகொண்டு வருகிறார், பொழுதுபட்டால் நுளம்புக்கு முதல் மூடுகிறார். நான் மூடி வைத்தால் பேச்சு விழும்.

போன கிழமை காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, விசிறி இரவில் கடகடக்கிறது என்றார்.

"நித்திரை கொள்ளேலாமல் கிடக்கு. உதை மாத்தவேணும்."

"இப்பதானே அப்பா பூட்டினது, ஒரு வருசந்தான் ஆச்சு" என்றார் இவர்.

"ஒரு வருசமெண்டா? கடகடத்தாக் கடகடப்புத்தான். எங்கடை வீட்டிலை இப்பிடி ஒரு சத்தம் வேண்டாம்."

இவர் முகம் சுளித்துக்கொண்டு எழுந்து போனார். நான் வயரிங் அண்ணைக்குப் போன் எடுத்து, ஞாயிறு பூசைக்குப் போய் வந்த பிறகு வீட்டில் இருப்போம், வந்து பாருங்கோ என்று சொன்னேன்.