நெமிலிச்சேரியில் கிளம்பி நெமிலிச்சேரிக்கே போய்ச் சேர்ந்த கிருஷ்ணகிரிப் பயணம்

உலகத்தில் இதுவரை யாரும் செய்யாத, இனிமேல் மூளையுள்ள எவரும் செய்யப்போகாத ஒரு மாபெரும் பயணத்தை, சென்ற ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நான் செய்து முடித்தேன். ஆவடியில் இருந்து கிருஷ்ணகிரி தூரம், மின்சாரக் காரில், நடுவில் ஒரு முறைகூட சார்ஜ் போடாமல். ஒரே ஒரு சின்னக் குறை. கிருஷ்ணகிரிக்குப் போகவில்லை.

காரணம் என் அக்கா மகள் சுதா. வேலை அம்பத்தூரில், வீடு திருமுல்லைவாயிலில் ஒரு ஃபிளாட். கணவன் பிரபுவுக்குக் கிருஷ்ணகிரிக்கு மாற்றலாகிவிட்டது. வாசலுக்கு வாசல் 240 கிலோமீட்டர். அவர்களுடைய நாலு வயது மகள் யாழினிக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டி ஓடினால் தூங்குவாள், நின்றால் விழிப்பாள், விழித்தால் அப்பாவைக் கேட்டு அழுவாள். ஏழு ஜில்லாவுக்குக் கேட்கும்.

“மாமா, அவ கண்ணு முழிக்கும்போது எதிர்ல அவங்க அப்பா நிக்கணும். நடுவுல எங்கயும் நிக்காம போற வண்டி வேணும். வாராவாரம் போகணும், பெட்ரோல் கட்டுப்படியாகாது,” என்றாள் சுதா.

கார் கம்பெனிகளின் போட்டியோ அப்போது உச்சத்தில் இருந்தது. அம்பத்தூர் சாலையில் ஒரு விளம்பரப் பலகை 430 கிலோமீட்டர் என்றால், எதிர்ப்பலகை 445 என்றது. ஒருவன் பத்தாயிரம் குறைத்தால் அடுத்தவன் பதினைந்தாயிரம் குறைத்தான். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால், ஒரு தடவை சார்ஜ் போட்டுக் காசிக்குப் போய்த் திரும்பலாம், காரோடு கங்கைத் தண்ணீரும் இலவசம் என்று எழுதியிருப்பார்கள். 445காரர் ஓட்டிப் பார்க்க அரைமணி நேரம்தான் தந்தார். 430காரர் ஒரு நாள் முழுக்கத் தந்தார். விலை 13 லட்சத்து 90 ஆயிரம்.

நான் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் கனரக வண்டிகளை வட்டப் பாதையில் ஓட்டிச் சோதித்தவன். அங்கே காலி வண்டியைச் சோதிப்பது பாவம். மணல் மூட்டை ஏற்றாமல் ஒரு சக்கரமும் உருளாது. மணலுக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் இருந்த மூன்று பொன்னி அரிசி மூட்டைகளை, தலா 26 கிலோ, பின்சீட்டில் உட்கார வைத்தேன். கார் கூவத் தொடங்கியது. மூவருக்கும் சீட் பெல்ட் போட்டபிறகுதான் அடங்கியது.

ஷோரூம் சார்பில் கூட வந்து, ஓட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்த டிரைவர் ஏழுமலை, பூந்தமல்லிக்காரர், என் வயதுதான். திரும்பிப் பார்த்துவிட்டு, “இன்னா அண்ணாத்தே, கல்யாணத்துக்கு இட்டுகினு போறியா இவங்கள?” என்றார்.

“சோதனை, ஐயா.”

“சோதனைதான். எனுக்கு.”

காலை 5.40க்கு ஆவடி சேக்காட்டில் என் வீட்டிலிருந்து கிளம்பி, 6 மணிக்கு நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையைப் பிடித்தோம். பேட்டரி 98 சதவீதம். அங்கிருந்து வண்டலூர் 30 கிலோமீட்டர். போய்வந்தால் 60. நாலு சுற்று, ஒரு கிருஷ்ணகிரி.

சத்தமே இல்லாத வண்டியில் விடியற்காலை போவது, நான் போகிறேனா சாலை என்னைக் கடந்து போகிறதா என்று தெரியாத நிலை. செம்பரம்பாக்கம் பக்கம் பனி தரையை விட்டு எழ மனசில்லாமல் படுத்திருந்தது. மேம்பாலத்தில் ஏறும்போது பூமியை விட்டு நாலு அங்குலம் மேலே மிதந்தோம் என்று சத்தியம் செய்வேன். ஏழுமலைகூட இரண்டாவது சுற்றில் ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கிக் காதைக் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “டீசல் வண்டியில இருபது வருசம் கீறேன். குருவி கத்தறத இன்னிக்குதான் கேட்டேன்.”

முதல் சுற்று முடிவில் 76. பிறகு 54. மூன்றாவது முடிவில் 8.45க்கு 32. ஏசி முழு நேரமும் ஓடியது. வேகம் எழுபத்தைந்தைத் தாண்டவில்லை.

நாலாவது சுற்றுக்கு மூட்டை போதாது, யாழினி வழியெல்லாம் தூங்குகிறாளா என்று பார்க்க நிஜ ஆள் வேண்டும். சுதாவும் யாழினியும் மின்சார ரயிலில் ஐந்து ரூபாய் டிக்கெட்டில் நெமிலிச்சேரி வந்து இறங்கினார்கள். அரிசி மூட்டைகளை ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் ஒப்படைத்தோம். யாழினி தூங்க மறுத்தாள். வாய் சும்மா இருக்குமா எனக்கு? “கண்ணை மூடு தங்கம். திறந்தா கிருஷ்ணகிரி, அப்பா வாசல்ல நிப்பாரு,” என்றேன். இரண்டாவது நிமிடம் தூங்கிவிட்டாள்.

9.55க்கு மறுபடி நெமிலிச்சேரி. 11 சதவீதம் மிச்சம். ஆனந்தத்தில் பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. யாழினி கண்ணைத் திறந்தாள். டீக்கடையில் வரிசையாக மூன்று அரிசி மூட்டைகள்.

“அப்பா எங்க?”

ஏழு ஜில்லா என்றேன் அல்லவா, அது குறைத்துச் சொன்னது. சுதா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எந்த பெல்ட்டும் போதாது.

“240 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினீங்களே மாமா, ஒரு பொய் சொல்லாம ஓட்டத் தெரியாதா?”

“கொயந்த கிட்ட இன்னாத்துக்கு நைனா ரீல் வுட்ட?” என்றார் ஏழுமலையும்.

அன்று மாலையே அந்த வண்டிக்கு முன்பணம் கட்டினாள் சுதா. என்னிடம் பேசியது மூன்று நாள் கழித்துத்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு: விளம்பரத்தில் 430 என்றால் ஆள், சுமை, ஏசியோடு 270தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலியாக ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அரிசி தாராளமாகப் போதும், ஆனால் வீட்டில் சொல்லிவிட்டு எடுங்கள். வெளிவட்டச் சாலையில் எட்டு தடவை சுங்கச்சாவடிகளைக் கடந்ததற்கு என்ன ஆனது என்று என் மனைவிக்கு இன்னும் தெரியாது. இதைப் படிக்கும் உறவினர்கள் வாயைத் திறக்க வேண்டாம்.

ஜூனில் வண்டி வந்தது. முதல் சனிக்கிழமை என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டாள் சுதா, பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு. 5.15க்குக் கிளம்பி, எங்கும் நிற்காமல், 9.40க்கு நின்றோம். 12 சதவீதம். பிரபு பின்கதவைத் திறந்துகொண்டு நின்றான்.

யாழினி கண்ணைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“தாத்தா, இது நிஜ கிருஷ்ணகிரியா, நீ சொல்ற கிருஷ்ணகிரியா?”

நிஜம்தான் என்றேன். நம்பவில்லை. கையை நீட்டி அப்பாவின் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.