அஸ்ரின் கதவைத் தட்டிய ஞாயிற்றுக்கிழமை

இசக்கிசெல்விக்கு நாற்பத்தெட்டு வயது. வீடு தாராவியில், வேலை மாட்டுங்காவில். பஞ்சாபகேசன் மாமா வீட்டுக்கு அவள் போய்வர ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. முதலில் பாத்திரம் தேய்க்கத்தான் போனாள். சுப்புலக்ஷ்மி மாமிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனபோது ஒரு வாரம் மட்டும் சமைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. இப்போது அந்த வீட்டு மோர்க்குழம்பும் பருப்புசிலியும் அவள் கைப்பழக்கம். மாமி அடுப்பங்கரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "பெருங்காயம் போறாது செல்வி", "நெய் முறுகறது பாரு, இறக்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். செல்வி சரி சரி என்று செய்துகொண்டே போவாள். அவள் நாள் அப்படித்தான் ஓடும்.

ஜனவரி மாதம். மும்பைக்கு வராத குளிர் ஒன்று அந்த வாரம் வந்திருந்தது. மாமி புனேயில் இருக்கும் மகள் கீதா வீட்டுக்குச் சனிக்கிழமை காலையில் கிளம்பினாள்.

"ரெண்டே நாள். திங்கட்கிழமை வந்துடுவேன். மாமாவுக்கு இப்பவே இருமல். ஜன்னலைத் தொறக்காதே, மப்ளரை எடுத்துக் குடு. காலம்பற வந்துட்டு சாயங்காலம் போனாப் போறும்."

"நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க மாமி. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் செல்வி.

மாமி போன பிறகு மாமா காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"வாசனையே இல்லையே இதுல. அந்தக் கடைக்காரன் சிக்கரியை ஏத்திட்டான். வேற கடையில வாங்கிண்டு வா."

செல்வி பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். புதுக் கடைக்காரர் கொட்டையை அரைத்து, சூடாக ஒரு சிட்டிகைப் பொடியை அவள் உள்ளங்கையில் போட்டார்.

"மோந்து பாருங்கம்மா. இதுக்கு மேல என்ன வேணும்?"

செல்வி மோந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். கையில் சூடு தெரிந்தது, பொடியின் நிறம் தெரிந்தது, அவ்வளவுதான். கடைக்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டாள்.

குளிரில் மூக்கு அடைத்திருக்கும் என்று நினைத்தாள். ஆனால் மூச்சு தாராளமாகத்தான் வந்துபோனது. கோயில் வாசலில் மருக்கொழுந்து ஒரு கொத்து வாங்கினாள். மூக்கில் வைத்தாள். காகிதத்தை மோந்தது போல இருந்தது. வீட்டுக்கு வந்து மாமாவுக்காகப் பரணிலிருந்து கம்பளியை இறக்கினாள். மடிப்புக்குள்ளிருந்து அந்துருண்டைகள் உருண்டு விழுந்தன. ஒன்றை எடுத்து மூக்கை ஒட்டிப் பிடித்தாள். அதுவும் வெறும் கல்லாக இருந்தது.

செல்வி உருண்டைகளைப் பொறுக்கிப் பரணிலேயே திரும்ப வைத்தாள். 

புதுப் பொடியில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு மாமா, "இதுலயும் இல்லை" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். அவள் புருஷன் பிரம்மநாயகம் பை தைக்கும் பட்டறையில் தோல் வெட்டுகிறவர். அதிகம் பேசாத ஆள். சோற்றை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நம்ம வாசல் பக்கம் ஓடுதுல்லா நாலா, அந்தச் சாக்கடைய எப்பம் சுத்தம் பண்ணுனாங்க?"

"யாரு சுத்தம் பண்ணுனா?"

"இப்பம் நாத்தமே இல்லையே. மூணு நாலு வருசமாச்சே. முனிசிபாலிட்டி வந்து அள்ளிட்டான்னு நெனச்சிட்டிருக்கேன். மேல தெரு கனிக்கிட்டகூடச் சொன்னேன்."

பிரம்மநாயகம் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவளைப் பார்த்தார்.

"ஏட்டி, நாத்தம் கொடலப் பொரட்டுது. கதவச் சாத்திட்டுல்லா திங்கேன். நீ என்ன பேசுத?"

செல்வி எழுந்து போய்க் கதவைத் திறந்து வாசலில் நின்றாள். பத்தடி தள்ளிக் கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் பைகள், செத்த எலி ஒன்று, எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. எதுவும் சுத்தமாகவில்லை. அந்தப் பக்கம் போன ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள். எத்தனையோ நாள் அப்படி நடப்பவர்களைப் பார்த்துப் பவுசு என்று நினைத்திருக்கிறாள்.

அவள் உள்ளே வந்தபோது அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"கொரோனா ரெண்டாவது தடவ வந்தப்ப ரெண்டு வாரம் படுத்துக் கெடந்தியே. அதுலயிருந்தா?"

"எனக்குத் தெரியாது. யாரு அதெல்லாம் யோசிச்சா?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஆடி மாசம் ஒருநா நெத்திலி வச்ச. கெட்டுப்போன மீனு. என்மேல கோவத்துல வச்சிருக்கன்னு நெனச்சேன். ஒண்ணுஞ் சொல்லாமத் தின்னுட்டுப் போய்ட்டேன்."

செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. நாலு வருஷமாக இந்த வீட்டில் தான் என்னென்ன ஆக்கிப் போட்டிருப்போம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். 

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்காவுக்குப் போகும்போதே முடிவு செய்துவிட்டாள். மாமி வந்ததும் சொல்லிவிட வேண்டியது. அதுவரைக்கும் எதைச் செய்தாலும் மாமாவிடம் ஒரு தடவை காட்டிவிட வேண்டியது. மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது, ஆனால் காப்பி வாசனையில் குற்றம் கண்டுபிடிக்கிறவர். அவருக்குத் தெரியாதா?

ரசத்தை இறக்கி, ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

"மாமா, பெருங்காயம் போதுமான்னு மோந்து பாருங்க."

மாமா பேப்பரைத் தாழ்த்தினார். கரண்டிக்கு நேராக மூக்கைக் கொண்டுபோனார். "பேஷா இருக்கு" என்றார்.

செல்விக்கு நிம்மதியாக இருந்தது. பாலை சிம்மில் வைத்தாள். கறிவேப்பிலை இல்லை. "பால் அடுப்புல இருக்கு மாமா, பொங்குனா அணச்சிருங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். மாமா தலையாட்டினார். காது இரண்டையும் மூடி மப்ளரைச் சுற்றியிருந்தார். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

ஞாயிறு என்பதால் மார்க்கெட்டில் கூட்டம். திரும்பி வர இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அடுப்பங்கரையில் பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. அடுப்பில் தீ இல்லை. மாமா அணைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். பாத்திரத்தை எடுத்துவிட்டுத் துணியால் மேடையைத் துடைத்தாள். அடுப்புக் குமிழைப் பார்க்கவில்லை. மீதிப் பாலை மறுபடி காய்ச்சலாம் என்று லைட்டரை எடுத்தாள். பர்னருக்குக் கிட்டே கொண்டுபோய்க் கட்டைவிரலை வைத்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் கதவு இடிபட்டது. யாரோ இரண்டு கையாலும் அடித்தார்கள்.

லைட்டரோடு போய்த் திறந்தாள். எதிர் ஃபிளாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் அஸ்ரின். பேங்கில் வேலை பார்க்கிற பெண், செம்பூரில் வளர்ந்தவள். துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"ஆண்ட்டி, கேஸ்! என் வீடு வரைக்கும் நாத்தம் வருது. உள்ள என்ன பண்றீங்க?"

"எங்க?" என்றாள் செல்வி.

அஸ்ரினின் கண் செல்வியின் கையில் இருந்த லைட்டருக்குப் போனது. அவள் முகம் வெளுத்ததைச் செல்வி பார்த்தாள். அஸ்ரின் ஒரே பிடுங்காகப் பிடுங்கி அதைத் தன் வீட்டு வாசலுக்குள் எறிந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். குமிழைத் திருகினாள். ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்தாள். "ஸ்விட்ச் தொடாதீங்க! லைட், ஃபேன் எதுவும் வேண்டாம்! அதான் பெல்கூட அடிக்கல!" என்று கத்திக்கொண்டே மாமாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள்.

மூன்று பேரும் மாடிப்படி பக்கத்தில் நின்றார்கள். குளிர்காற்று கீழிருந்து ஏறி வந்தது. அஸ்ரின் இருமிக்கொண்டே கேட்டாள்.

"அங்கிள், நீங்க உள்ளேயே உக்காந்திருந்தீங்களே, தலை சுத்தலியா? ஸ்மெல் தெரியலியா?"

மாமா மப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "தெரியலையே" என்றார்.

செல்வி அவரைப் பார்த்தாள்.

"மாமா, ரசத்துக்குப் பேஷா இருக்குன்னீங்களே?"

அவர் மப்ளரின் நுனியை மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களத்தான மாமா கேக்கேன்."

"நீ பண்ணினா சரியாத்தான் இருக்கும்னு சொன்னேன்."

"எனக்கு வாசனையே தெரியாது மாமா. நேத்துத்தான் தெரிஞ்சுது. உங்கள நம்பித்தான காட்டுனேன்!"

மாமா சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். ஆறேழு வருஷமாகவே தனக்கு மூக்கு மங்கிக்கொண்டு வருகிறது என்றார். முதலில் பூ போயிற்று, அப்புறம் சாம்பிராணி. கடைசியில் காப்பி. காப்பி மட்டும் போகவில்லை என்று தன்னையே நம்பவைத்துக்கொள்ள நாலு கடை மாற்றியிருக்கிறார். மாமிக்குத் தெரிந்தால் ஏற்கெனவே இருக்கிற மாத்திரைகளோடு இன்னும் நாலு சேரும் என்று வாயைத் திறக்கவில்லை.

அஸ்ரின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னாள்.

செல்வி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கட்டைவிரலைப் பார்த்தாள். இன்னும் ஒரு அழுத்து. அவ்வளவுதான் பாக்கி இருந்தது.  

அஸ்ரின் இருவரையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் டீயும் பிரெட்டும் கொடுத்தாள். மாமா பிரெட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "செல்வி, மாமிகிட்ட இது வேண்டாம். பயந்துடுவா" என்றார்.

"பயப்படட்டும் மாமா" என்றாள் செல்வி. அவர் எதிரிலேயே போனை எடுத்தாள். முதலில் தன் மூக்கைப் பற்றிச் சொன்னாள், பிறகு பாலை, பிறகு லைட்டரை, கடைசியில் மாமாவை.  கட்டாகிவிட்டதோ என்று செல்வி இரண்டு தடவை ஹலோ சொன்னாள். "கெளம்பறேன்" என்றாள் மாமி.

ஐந்து மணிக்கு மாமி வந்து சேர்ந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்பங்கரைக்குப் போய் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். இடுப்பு வலி உள்ளவள், கீழே உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா பக்கத்தில் போய் நின்றார்.

"ரெண்டு பேரும் போயிருந்தேள்னா, நான் வந்து இந்தச் சுவரோடயா பேசிண்டிருப்பேன்?" என்று கேட்டாள். அவள் குரல் உயரவில்லை. மாமாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

செல்வி சேலை முனையைத் திருகிக்கொண்டே சொன்னாள். "மாமி, வேற சமையல் ஆளப் பாத்துக்கிடுங்க. நான் பாத்திரம் மட்டும் தேய்க்கேன். எம்மேல எனக்கே பயமா இருக்கு."

மாமி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலு வருஷமா நான் நாற்காலி போட்டுண்டு உட்கார்ந்திருக்கேனே, எதுக்குன்னு நெனச்சே? ஒனக்குச் சமையல்ல கவனம் போறல்லைன்னு நெனச்சேன். ஒரு தடவையாவது என்னடி ஆச்சுன்னு வாயத் தொறந்து கேட்டிருக்கணும். கேக்கல. என்னைத் தூக்கி விடு."

செல்வி தூக்கிவிட்டாள். எழுந்த பிறகும் மாமி அவள் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

அந்த வாரமே அந்த அடுப்பு போயிற்று. தீ அணைந்தால் தானாக கேஸை நிறுத்தும் அடுப்பு வந்தது. கசிந்தால் அலறுகிற பெட்டி ஒன்றைக் கீதா அனுப்பிவைத்தாள். அதை அஸ்ரின் சுவரில் மாட்டிக்கொடுத்தாள். சமையல் செல்வியிடமே இருந்தது. ஒன்று மட்டும் மாறியது. மாமி வீட்டில் இல்லாத நாளில் அடுப்பு பற்றவைப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை செல்வி சயானில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாமாவும் கூட வந்தார். மாமி அனுப்பித்தான் வந்தார். மூக்கு டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே டாக்டரம்மா சின்னச் சின்ன பாட்டில்களைத் திறந்து இருவருக்கும் மாறி மாறி நீட்டினாள். மாமா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார், இல்லை என்று. செல்வி நாலாவது பாட்டிலில் நின்றாள். மறுபடி இழுத்தாள்.

"வாசனைன்னு சொல்ல முடியாது" என்றாள். "மூக்குக்குள்ள குளுந்தாப்ல ஒண்ணு போவுது."

அது புதினாத் தைலத்தின் குளிர்ச்சி, மூக்குத் தோலின் உணர்ச்சிதான், வாசனை இல்லை என்று டாக்டரம்மா சொன்னாள். ஆனாலும் விட வேண்டாம், தினம் இரண்டு வேளை கிராம்பு, எலுமிச்சை மாதிரி நாலு சாமானை மோந்து பழகச் சொன்னாள். சிலருக்குப் பல வருஷம் கழித்தும் திரும்பியிருக்கிறது, வராமலும் போகலாம். மாமாவுக்கு வயதாலானது, எதிர்பார்க்க வேண்டாம் என்றாள்.

வெளியே வந்ததும் மாமா சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஒனக்கு வரட்டும், அது போறும்" என்றார்.  ரோட்டைத் தாண்டும்போது, வண்டிகள் பாய்ந்து வந்துகொண்டிருந்த அந்த இடத்தில், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.