மரத்துக்கு ஒரு கடிதம், உடும்புக்கு ஒரு கடிதம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். வாசலைத் தாண்டினால் பெரிய கால்வாய். அதன் கரையில் வெள்ளைக்காரன் காலத்துப் பைன் மரம் ஒன்று. ஒருநாள் காலையில் அதன் அடிமரத்தில் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். சாலையை அகலப்படுத்த மரத்தை வெட்டப் போகிறார்களாம்.

அடுத்த வீட்டு அக்கா, ஓய்வு பெற்ற நர்ஸ், பதறிப்போனார். எனக்கு மலாய் நன்றாக எழுத வரும் என்பதால் மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. ‘இந்த மரம் எங்களுக்கு முன்பிருந்தே இங்கே இருக்கிறது’ என்று எழுதினேன். அக்கா வீடு வீடாகப் போய்க் கெஞ்சிக் கையெழுத்து வாங்கினார். சாலை கொஞ்சம் வளைந்து போனது; மரம் தப்பியது.

அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள், கால்வாயில் வாழ்ந்த உடும்பு, மலாயில் பியாவாக், அக்காவின் வாத்துகள் இரண்டைத் தின்றுவிட்டது. ஓர் ஆள் நீளத்துக்கு மேலேயே இருக்கும். பல வருஷமாக அங்கேதான் கிடந்தது.

“தங்கச்சி, இன்னொரு லெட்டர் எழுதும்மா. அந்த பியாவாக்கைப் பிடிச்சிட்டுப் போகச் சொல்லு.”

“அதுவும் நமக்கு முன்னாடியே இங்க இருக்குதேக்கா.”

“மரம் யாரையும் கடிக்காது லா. நாளைக்கு உன் பிள்ளை அந்தப் பக்கம் விளையாடப் போனா?”

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. உட்கார்ந்து எழுதினேன். ‘ஆபத்தான பிராணி’ என்ற வார்த்தையை நானேதான் சேர்த்தேன். அது எந்த மனிதரையும் சீண்டி நான் பார்த்ததே இல்லை. மரத்துக்குக் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் இதிலும் போட்டார்கள். இந்த முறை யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

இரண்டு பேர் வந்து சுருக்குப் போட்டுப் பிடித்தார்கள். வாயையும் கால்களையும் நைலான் கயிற்றால் கட்டி லாரியில் ஏற்றினார்கள். அதன் வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“எங்க தம்பி கொண்டுபோறீங்க?” என்று கேட்டேன்.

“பாலிக் புலாவ் பக்கம் காட்டுல விட்டுடுவோம்க்கா,” என்றான் ஒருவன். மற்றவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு என்னைத் தின்றுகொண்டே இருந்தது. மறுவாரம் அரைநாள் லீவு போட்டு, மனு கொடுத்த அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். குமாஸ்தா ஃபைலைப் புரட்டினார்.

“பிடிச்சாச்சுன்னு இருக்கு. அப்புறம் என்ன செஞ்சாங்கன்னு எழுதலையேம்மா.”

மனு எழுதுவதற்கு முன்பே இதைக் கேட்டிருக்கலாம். எழுதாமலே இருந்திருக்கலாம். இரண்டும் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்குத் தோன்றின.