கேரண்டியின் மூன்றாவது பிளக்

அந்த மெக்கானிக்கை எல்லோரும் 'கேரண்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். "நான் கை வெச்ச வண்டி திரும்பி வராது, கேரண்டி!" என்று வாய் ஓயாமல் பீற்றிக்கொண்டதில் அதுவே பேராக ஒட்டிக்கொண்டது. அப்பேர்ப்பட்டவர் இன்ஜினின் நாலு ஸ்பார்க் பிளக்கும் மாற்றிக் கொடுத்த நர்ஸம்மாவின் கார், ஐந்தாம் நாள் காலை குலுங்கிக் குலுங்கி அவர் பட்டறைக்கே வந்து நின்றது.

"மிஸ்ஸிங் அடிக்குதுங்க, விட்டு விட்டு இழுக்குது. இன்னிக்கு எட்டு வீட்டுக்குப் போய் ஊசி போடணும்" என்றார் நர்ஸம்மா.

கேரண்டிக்கு முகம் சுண்டிப்போனது. பேரே போய்விடும் போலிருந்தது. பக்கத்துத் தையல் கடையிலிருந்து மனைவியைக் கூப்பிட்டார். ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராக மிதிக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. இருபது வருஷம் தையல் மெஷின் மிதித்த கால்.

அவள் மிதிக்க, இவர் ஒவ்வொரு சிலிண்டராக, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் இணைப்பைக் கழற்றி மாட்டினார். ஒன்று, இரண்டு, நான்கு, எதைக் கழற்றினாலும் இன்ஜின் இன்னும் அதிகமாகத் தள்ளாடியது. மூன்றாவதில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்த சோம்பேறி அதுதான். வேறு காயில் மாட்டியும் அது எழுந்திருக்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லிப் பிளக்கைக் கழற்றினார். வெள்ளைப் பீங்கானில் மயிரிழையாக ஒரு விரிசல்.

அவருக்குச் சுருக்கென்றது. அன்றைக்குப் பேச்சு சுவாரசியத்தில் கைநழுவிச் சிமெண்ட் தரையில் விழுந்த பிளக் இது. எடுத்துத் துடைத்து மாட்டியதும் சாட்சாத் அவரேதான்.

"என்னங்க கோளாறு?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"அது வந்து... இப்பல்லாம் பெட்ரோலே சரியில்லம்மா..."

காருக்குள்ளிருந்து 'பாம்' என்று ஹாரன் அலறியது. மனைவி ஒன்றும் தெரியாதவள் போல நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளக் விழுந்த சத்தம் அன்றைக்கே தையல் கடை வரை கேட்டிருந்தது.

கேரண்டி தலையைச் சொறிந்தார். "பெட்ரோல் மேல ஒண்ணும் தப்பில்லம்மா. கீழ விழுந்த பிளக்க நான்தான் துடைச்சு மாட்டிட்டேன்."

"கீழ விழுந்த ஊசியத் துடைச்சு உங்களுக்குப் போட்டா விடுவீங்களா?"

"ஐயோ, எடுப்பேன் ஓட்டம்!"

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். புதுப் பிளக் ஏறியதும் இன்ஜின் சமர்த்தாக ஓடியது. நர்ஸம்மா போன பிறகும் கேரண்டிக்கு வெட்கமாகவே இருந்தது. நாலு நாள் 'கேரண்டி' என்ற வார்த்தையை அவர் வாயிலேயே எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு பெரியவர் காரோடு வந்தார். "நர்ஸம்மா அனுப்பினாங்க. கீழ விழுந்த பிளக்க மாட்ட மாட்டாராமே, அவர் நீங்கதானா?"

பக்கத்துக் கடையில் தையல் மெஷின் சட்டென்று நின்றது.

"இனிமே மாட்ட மாட்டேங்க" என்றார் கேரண்டி.